ஒரு ஆளின் கையில் முழுதையும் கொடுக்கச் சொல்லுகிற மருமகனுக்கு



கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். நாற்பது நிமிடப் பாடத்தை மணி அடித்த பிறகும் இழுத்துக்கொண்டு போகிற வாத்தியார் என்று எனக்கு அந்த நாளிலேயே பெயர் இருந்தது. அதனால் பழைய மாணவர்கள் ஆச்சரியப்பட மாட்டீர்கள். நேரமில்லாதவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில், ரொறன்ரோவில் இருக்கிற மருமகன், என் தங்கச்சியின் மூத்த பிள்ளை, ஒரு குரல்பதிவு போட்டிருந்தார். இலங்கையில் நிறைவேற்று ஜனாதிபதி முறையை எடுக்கவேண்டும் என்று சிலர் மறுபடியும் சத்தம் போடுகிறார்களாம், அது தமிழருக்கு நட்டமாம். பாராளுமன்றம் என்றால் சந்தைக்கடை, ஒரு ஆளிடம் பொறுப்பைக் கொடுத்தால்தான் காரியம் நடக்கும், அமெரிக்காவைப் பாருங்கோ என்றார். எங்கட வாக்கு இல்லாமல் ஒருத்தரும் ஜனாதிபதியாக வரேலாது, அந்தத் துருப்பை ஏன் கைவிடவேணும் என்றும் கேட்டார். அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் கைதட்டியிருந்தார்கள். அதில் நாலு பேர் என்னிடம் உயர்தரத்துக்கு அரசறிவியல் படித்தவர்கள். அதுதான் எனக்குச் சுட்டது. நான் என்னத்தைப் படிப்பித்தேன்?

மருமகன், கோபிக்கவேண்டாம். நீர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் நீர் சொன்னது பிழை. 1978 இல் இந்த முறை வந்தபோது நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த வாத்தியார். அதன் கீழேதான் படிப்பித்தேன், இடம்பெயர்ந்தேன், ஓய்வும் பெற்றேன். அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

முதலில் 2022 ஜூலை முதல் இரண்டு கிழமைகளை நினைத்துப் பாரும். ஒரே நாட்களில் இரண்டு நாடுகளில் இரண்டு தலைவர்கள் போனார்கள். இலண்டனில் பொரிஸ் ஜோன்சன், கொழும்பில் கோட்டாபய ராஜபக்ச. இரண்டு பேரும் 2019 கடைசியில், ஒரு மாத இடைவெளியில், பெரிய வெற்றி பெற்று வந்தவர்கள். கோட்டாபய நவம்பரில் 69 இலட்சம் வாக்கு. ஜோன்சன் டிசெம்பரில் 365 ஆசனம். இரண்டு பேரும் நாட்டின் நம்பிக்கையை இழந்தார்கள். போன விதம்தான் வேறு.

ஜோன்சனின் நிதியமைச்சரும் சுகாதார அமைச்சரும் ஜூலை 5 ஆம் திகதி பதவி விலகினார்கள். அவர்களுக்குப் பின்னால் சின்னவர் பெரியவர் என்று ஐம்பதுக்கு மேற்பட்டோர் இரண்டு நாளில் கடிதம் கொடுத்தார்கள். ஜூலை 7, மனிதர் தன் வீட்டு வாசலில் நின்று, போகிறேன் என்று சொன்னார். ஒரு கண்ணாடி உடையவில்லை. அவர் நல்லவர் என்று நான் சொல்ல வரவில்லை. நல்லவராக இல்லாதபோதும் அனுப்ப முடிந்தது என்றுதான் சொல்லுகிறேன்.

இங்கே? ஏப்ரல் 3 ஆம் திகதி இரவு பிரதமரைத் தவிர அமைச்சரவை முழுவதும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தது. முழு அமைச்சரவை! பாராளுமன்ற ஆட்சி நடக்கிற நாட்டில் அன்றிரவே அரசாங்கம் முடிந்திருக்கும். இங்கே ஜனாதிபதி கதிரையை விட்டு அசையவில்லை, புதிதாக ஆட்களைக் கூப்பிட்டு அமைச்சர் ஆக்கினார். மே 9 இல் பிரதமரான அண்ணனும் போனார். தம்பி இருந்தார். நாங்கள் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு விடியப்புறம் லைனில் நின்றோம். பெற்றோலுக்கு இரண்டு நாள் நின்றவர்களும் உண்டு. ஜூலை 9 இல் சனம் மாளிகைக்குள் புகுந்த பிறகுதான், 13 ஆம் திகதி இராணுவ விமானத்தில் மாலைதீவுக்குப் போய், அங்கிருந்து சிங்கப்பூர் போய், மறுநாள் மின்னஞ்சலில் விலகல் கடிதம் அனுப்பினார்.

ஏன் இந்த வித்தியாசம்? சிங்களவன், வெள்ளைக்காரன் என்ற குணவித்தியாசம் அல்ல. யாப்பு அப்படி. வகுப்பில் சொல்லுகிற உதாரணத்தையே சொல்லுகிறேன். பிரதமர் மாத வாடகைக்கு இருக்கிறவர். சபை என்ற வீட்டுக்காரர் நம்பிக்கை இல்லை என்று ஒரு வாக்கெடுப்பில் சொன்னால் மூட்டையைக் கட்டவேண்டும். ஜனாதிபதி ஐந்து வருடக் குத்தகைக்காரர், முந்தி ஆறு வருடம். இடையில் எழுப்புவதென்றால் 38 ஆம் உறுப்புரை. மூன்றில் இரண்டு பங்கு எம்.பி.மார் சேர்ந்து தீர்மானம் நிறைவேற்றவேண்டும், உயர் நீதிமன்றம் விசாரித்துக் குற்றம் என்று சொல்லவேண்டும், பிறகு மறுபடியும் மூன்றில் இரண்டு. 1978 இலிருந்து ஒருவரும் அந்த வழியால் இறங்கவில்லை. 1991 இல் பிரேமதாசவுக்கு எதிராக லலித்தும் காமினியும் முயன்றார்கள். பாராளுமன்றம் ஒத்திவைக்கப்பட்டது, முயற்சி செத்தது, முயன்றவர்கள் கட்சிக்கு வெளியே நின்றார்கள்.

அப்படியென்றால் ஒரு ஆள் பிழைவிட்டால் தடுக்கிறது யார்? 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். எங்கள் ஊரில் வெங்காயம் நட்டவர்களையும் வன்னியில் நெல் விதைத்தவர்களையும் கேட்டுப்பாரும். நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. அமைச்சரவையில் ஒருவர் எழும்பி “சேர், இது சரிவராது” என்று அடித்துச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? 2022 ஜனவரியில் சுசில் பிரேமஜயந்த சந்தைக்குப் போன இடத்தில் விலைவாசியைப் பற்றி உண்மை பேசினார். உடனே இராஜாங்க அமைச்சர் பதவி போய்விட்டது. அமைச்சர் பிழை சொன்னால் அமைச்சர் போவார். தலைவர் போகமாட்டார். இதுதான் நீர் கேட்கிற “காரியம் நடக்கிற” முறை.

சந்தைக்கடை என்றீர். சரி, 2018 ஐ எடுப்போம். ஒக்ரோபர் 26 வெள்ளிக்கிழமை இரவு மைத்திரிபால சிறிசேன இருந்த பிரதமரை விலக்கி மஹிந்தவுக்குச் சத்தியப்பிரமாணம் செய்துவைத்தார். பெரும்பான்மை சேரவில்லை என்றதும் நவம்பர் 9 இல் பாராளுமன்றத்தையே கலைத்தார். நாலரை வருடம் ஆகுமுன் தன்னிச்சையாகக் கலைக்க முடியாது என்று 19 ஆம் திருத்தத்தில் இருந்தது. அந்தத் திருத்தத்தைக் கொண்டுவந்ததும் அவரது ஆட்சிதான். மிளகாய்த்தூள் வீசினார்கள், கதிரை எறிந்தார்கள், நீரும் வீடியோ பார்த்துச் சிரித்திருப்பீர். ஆனால் அந்த மிளகாய்த்தூளுக்கு நடுவில் நின்று வாக்கெடுத்தது யார்? அந்தச் சந்தைக்கடைதான். டிசெம்பர் 13 இல் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள். அன்றைக்கு நாட்டைக் காப்பாற்றியது சத்தம்போடுகிற சபையும் நீதிமன்றமும். உடைக்க வந்தது “ஒரு ஆள்”.

இனி இந்த முறை எப்படி வந்தது என்பதையும் ஒருக்கால் ஞாபகப்படுத்துகிறேன், என்னிடம் படித்த நாலு பேருக்காகவாவது. ஜே.ஆர். ஜயவர்தன 1966 டிசெம்பரிலேயே ஒரு மேடையில் இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். சட்டசபையின் விருப்பு வெறுப்புக்குக் கட்டுப்படாத, மக்கள் நேரடியாகத் தெரிகிற ஒரு நிர்வாகம் வேண்டும் என்பது அவர் வாதம். 1977 ஜூலையில் 168 ஆசனத்தில் 140 கிடைத்தது. இருந்த யாப்பைத் திருத்தி 1978 பெப்ரவரி 4 இல் ஜனாதிபதியானார். மக்கள் நேரடியாகத் தெரிகிற பதவி என்று சொல்லி உண்டாக்கிய கதிரையில் முதலில் குந்தியவர், அந்தப் பதவிக்கு ஒரு வாக்கும் கேட்காமல் குந்தினார். அதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள்.

பிறகு தன் கட்சி எம்.பி.மாரிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். 1982 டிசெம்பர் 22 இல் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு வைத்து, ஆறில் ஐந்து பங்கு ஆசனமுள்ள அதே பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருடம் நீட்டினார். அன்றைக்கு நான் வடமராட்சியில் ஒரு வாக்குச்சாவடியில் எழுதுவினைஞராகக் கடமை. விளக்கு என்றால் நீட்டலாம், பானை என்றால் வேண்டாம். வயதான ஒரு ஆச்சி வாக்குச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டா, “தம்பி, இதில ஆளைக் காணேல்லை, ஆருக்குப் போடுறது?” கடமையில் இருக்கிறவர் பதில் சொல்லக்கூடாது. நான் பேசாமல் இருந்தேன். ஆச்சி கேட்டதுபோல ஒரு கேள்வியை நான் எந்த அரசறிவியல் புத்தகத்திலும் வாசித்ததில்லை. யாழ்ப்பாணம் பானைக்கு அள்ளிப் போட்டது. நாடு முழுக்க எண்ணினபோது விளக்குக்கு நூற்றுக்கு 54 சொச்சம். ஏழு மாதத்தில் 1983 ஜூலை வந்தது. ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்தது, எங்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்துக்கு வெளியே போனார்கள். நீட்டிய சபையில் எங்களுக்குப் பேச ஆளில்லை.

அமெரிக்காவைக் காட்டுகிறீர். ஜே.ஆர். அமெரிக்காவைக் கொண்டுவரவில்லை, மருமகன். அங்கே ஜனாதிபதி காங்கிரஸைக் கலைக்க முடியாது. காங்கிரஸ் உறுப்பினர் அமைச்சராவதென்றால் ஆசனத்தை விடவேண்டும். அமைச்சர்களுக்கும் நீதியரசர்களுக்கும் செனட் சம்மதம் வேண்டும். மாநிலங்களுக்குத் தனி அதிகாரம் இருக்கிறது. இங்கே ஜனாதிபதி எம்.பி.மாரிலிருந்துதான் அமைச்சர்களை எடுக்கிறார், அதனால் 225 பேரில் பாதிப் பேரின் கண் அமைச்சு வாகனத்தில். யாரைக் கேள்வி கேட்கவேண்டுமோ அவரிடம் வேலை கேட்டு நிற்கிறவன் எப்படிக் கேள்வி கேட்பான்? அமெரிக்காவிலிருந்து அதிகாரத்தை எடுத்தோம், தடுப்பை எடுக்கவில்லை. அந்த அமெரிக்காவிலேயே இதுவரை மூன்று ஜனாதிபதிகள் மீது நாலு தரம் குற்றப்பிரேரணை வந்து, ஒருதரமும் செனட்டில் பதவி பறிபோகவில்லை. அதையும் கணக்கில் எடும்.

இனி உம்முடைய துருப்புச்சீட்டு. கனபேர் இதைத்தான் நம்புகிறார்கள், அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன். 2015 இல் எங்கள் வாக்கு மைத்திரியைக் கொண்டுவந்தது, உண்மை. 2005 இல் வடக்கு வாக்களிக்காமல் விட்டதும் முடிவை மாற்றியது. வித்தியாசம் இரண்டு இலட்சம்கூட இல்லை. ஆனால் 2019? வடக்கும் கிழக்கும் ஒருபக்கமாக எதிர்த்து வாக்களித்தும் கோட்டாபய நூற்றுக்கு 52 எடுத்தார். அனுராதபுரத்தில் ருவன்வெலிசாயவுக்கு முன்னால் பதவியேற்று, சிங்கள மக்களின் வாக்காலேயே வெல்லமுடியும் என்று தனக்குத் தெரியும் என்று எங்கள் முகத்துக்கே சொன்னார். துருப்பு எங்கே போனது?

துருப்பு விழுந்த 2015 ஐயே எடும். வாக்குப் போட்ட இரவோடு எங்கள் பலம் முடிந்தது. அடுத்த ஐந்து வருடம் அவர் சொன்னதைச் செய்யாவிட்டால் நாங்கள் என்ன செய்யலாம்? காத்திருக்கலாம். அவ்வளவுதான். சபையில் பத்து ஆசனம் இருந்து, அந்தப் பத்தில் பிரதமரின் உயிர் தொங்கினால், ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்துக்கும் அவர் எங்கள் வாசலுக்கு வரவேண்டும். 1960 மார்ச்சில் தமிழரசுக் கட்சிக்கு 15 ஆசனம். டட்லியின் அரசாங்கம் அடுத்த மாதமே சிம்மாசன உரை வாக்கெடுப்பில் விழுந்தது, விழுத்தினவர்களில் அவர்களும் இருந்தார்கள். 1965 இல் அதே டட்லி செல்வநாயகத்தோடு ஒப்பந்தம் எழுதித்தான் ஆட்சி அமைத்தார்.

நீர் எழுதப்போகிற பதில் எனக்குத் தெரியும்: “மாமா, அந்த ஒப்பந்தமும் கிழிஞ்சதுதானே?” ஓம், நடக்கவில்லை. பண்டா-செல்வா ஒப்பந்தமும் கிழிந்தது. இன்னும் சொல்லுகிறேன், நீர் தேடிக் களைக்கவேண்டாம். மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்த 1948 சட்டம், 1956 தனிச்சிங்களச் சட்டம், 29 ஆம் பிரிவைத் தூக்கியெறிந்த 1972 யாப்பு, எல்லாம் பாராளுமன்ற ஆட்சியில் வந்தவை. தரப்படுத்தல் வந்தபோது என்னோடு படித்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பாராளுமன்ற முறை வந்தால் தமிழருக்கு விடிந்துவிடும் என்று நான் ஒருக்காலும் படிப்பிக்கவில்லை. பெரும்பான்மைக்குக் கடிவாளம் இல்லாத சபை கெட்டது. அந்தப் பெரும்பான்மை முழுவதையும் ஒரே ஆளின் சட்டைப்பைக்குள் போட்டு, வழக்குப் போட முடியாத பாதுகாப்பையும் கொடுத்தால் அது எப்படி நல்லதாகும்? கிழிந்த ஒப்பந்தத்துக்கு மருந்து, ஒப்பந்தம் எழுதவே தேவையில்லாத தலைவரா?

எங்கள் மாகாணத்தையே பாருங்கள். 2013 இல் முதல்தரம் வாக்களித்துத் தெரிந்த வட மாகாணசபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. நான் இதை எழுதுகிறவரைக்கும் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. நடத்துகிறவர் ஆளுநர். ஆளுநரைப் போடுகிறவர் ஜனாதிபதி. அவரை எடுக்கிறவரும் ஜனாதிபதி. நாங்கள் பள்ளிக்கூடக் கூரைக்குத் தகரம் கேட்டுப் போகிற கடிதமும் கடைசியில் அந்த ஒரு கதிரைக்குக் கீழேதான் போகிறது. இதில் எங்கே துருப்பு, எங்கே வெட்டு?

மருமகன், நீர் இருக்கிற நாட்டையே சொல்லுகிறேன். கனடாவில் 2021 தேர்தலில் லிபரல் கட்சிக்கு 338 இல் 160, பெரும்பான்மை இல்லை. 25 ஆசனம் வைத்திருந்த புதிய ஜனநாயகக் கட்சி, அரசாங்கம் விழாமல் பார்த்துக்கொள்கிறோம், இன்னின்னது செய் என்று 2022 மார்ச்சில் எழுதி வாங்கியது. அதில் முக்கியமானது பல் வைத்தியத் திட்டம். உம்முடைய மாமியாருக்கு பல்லுக் கட்டினதுக்குப் பெரிய செலவில்லை என்று நீரே போன வருடம் சந்தோசமாகச் சொன்னீர். அந்தப் பல்லு, சபையில் 25 பேர் ஒரு பிரதமரின் கழுத்தைப் பிடித்ததால் வந்த பல்லு. 2024 டிசெம்பரில் அங்கே நிதியமைச்சர் பதவி விலகினார், மூன்று கிழமையில் பிரதமர் ட்ரூடோவும் போகிறேன் என்றார். எங்கள் ஏப்ரல் 3 ஐ இதுக்குப் பக்கத்தில் வைத்துப் பாரும். பாராளுமன்ற ஆட்சியின் நிழலில் குந்தியிருந்துகொண்டு எங்களுக்கு வெயில் நல்லது என்று குரல்பதிவு போடுகிறீர்.

ஒழிக்கிறோம் என்ற வாக்குறுதி புதிதல்ல. சந்திரிகா 1994 இல் சொன்னார், மஹிந்த 2005 இல் சொன்னார், மைத்திரி 2015 இல் சொன்னார். மஹிந்த ஒழிக்கவுமில்லை, 2010 இல் 18 ஆம் திருத்தத்தால் இரண்டு தடவை என்ற எல்லையையும் எடுத்துவிட்டார். மைத்திரி பாதியைக் குறைத்தார். கோட்டாபய 2020 இல் அதைத் திருப்பிக் கூட்டினார். ரணில் 2022 இல், தான் 2020 தேர்தலில் தோற்று ஒரேயொரு தேசியப்பட்டியல் ஆசனத்தில் வந்தவர், 134 எம்.பி.மாரின் வாக்கில் அதே முழு அதிகாரத்தோடு அமர்ந்தார். 2024 இல் அநுர குமார திசாநாயக்கவின் கட்சியும் ஒழிப்போம் என்று விஞ்ஞாபனத்தில் எழுதியது. அவர்களுக்கு 225 இல் 159 ஆசனம், மூன்றில் இரண்டுக்கு மேல். யாழ்ப்பாணத்திலும் ஆறில் மூன்றை நாங்கள் கொடுத்தோம். இனி “எண்ணிக்கை போதாது” என்ற கதை விடமுடியாது. மக்கள் வாக்கெடுப்பும் வைக்கவேண்டி வரும், வைக்கட்டும். கதிரையில் இருக்கிறவர் எளிமையானவர், நல்லவர் என்று சிலர் எனக்குச் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். அடுத்து வரப்போகிறவரின் பெயர் என்ன என்று அவர்களுக்குத் தெரியுமா?

என் பழைய மாணவர்களில் மூன்று பேர் சட்டத்தரணிகள், ஒருவர் உள்ளூராட்சிச் சபையில் இருக்கிறார், இரண்டு பேர் பத்திரிகையில். உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். யாழ்ப்பாணத்துக்கு வருகிற அமைச்சரிடம் வீதி, துறைமுகம், விளையாட்டரங்கு எல்லாம் கேளுங்கள். அதோடு, யாப்பு மாற்றம் எந்த மாதம், ஆளுநரின் அதிகாரம் யாருக்குப் போகும், மாகாணசபைத் தேர்தல் எந்தத் திகதி என்று மூன்றையும் கேட்டு, சொன்ன பதிலைத் திகதியோடு எழுதிப் போடுங்கள். கைதட்டின நாலு பேரும் எனக்கு நேரே எடுக்கலாம். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

மருமகன், உம்முடைய பதிலைத் தயவுசெய்து எழுத்தில் அனுப்பும். குரல்பதிவு வேண்டாம், எனக்கு இடது காது இப்போது சரியாகக் கேட்பதில்லை. மாமியாரின் சுகத்தையும் எழுதும்.